குதிரையைக் கேட்டீங்க... காலைக் கேட்டீங்களா?

நம்ம ஊரில் எதை வாங்கினாலும் ஒரே ஒரு கேள்விதான் முதலில் வந்து நிற்கும். பைக் வாங்கினால் 'மைலேஜ் எவ்வளவு?' ஃபிரிட்ஜ் வாங்கினால் 'எத்தனை லிட்டர்?' பெண்ணுக்கு வரன் பார்த்தால் 'சம்பளம் என்ன?' படகுக்கு மோட்டார் வாங்கினால் 'எத்தனை குதிரை?'

எட்டுக் குதிரையா, பதினைந்தா, இருபத்தைந்தா, நாற்பதா? எண்ணி முடித்ததும் பேரம் ஆரம்பித்துவிடும். அந்தக் குதிரைக்குக் கால் எத்தனை நீளம் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

சிரிக்காதீர்கள். படகு மோட்டாருக்குக் கால் உண்டு. அந்தக் கால் ஐந்து அங்குலம் குறைந்ததால் கடல் நடுவில் தவித்தவர்கள் உண்டு. ஐந்து அங்குலம் கூடியதால் கரை மணலில் முழங்காலை உடைத்துக்கொண்ட மோட்டார்களும் உண்டு. இந்த வாரம் அந்தக் கால் புராணம்தான்.

'ஸார், எங்கள் வீட்டில் பாத்ரூம் பக்கெட்டைத் தவிர மிதக்கும் பொருள் எதுவும் கிடையாதே' என்கிறீர்களா? பரவாயில்லை, படியுங்கள். இதில் ஜாக்கெட் தைக்கிறவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

* * *

முதலில் ஆசாமியை அறிமுகம் செய்துவிடுகிறேன். பெயர் அவுட்போர்டு மோட்டார். படகுக்குள்ளே உட்காராமல், பின்பக்கப் பலகையில் கொக்கி போட்டமாதிரி வெளியே தொங்குகிறவர். தலையில் இன்ஜின், நடுவில் நீளமாக ஒரு கால், பாதத்தில் புரொப்பெல்லர். இதைக் காத்தாடி என்றும் சொல்கிறார்கள். அழகான பெயர். தண்ணீருக்குள் சுற்ற வேண்டிய காத்தாடி.

காத்தாடிக்குச் சற்று மேலே, படுக்கைவாட்டில் ஒரு தகடு இருக்கும். உலகம் முழுக்க அதற்கு 'கேவிடேஷன் பிளேட்' என்று பேர். கேவிடேஷன் என்பது காத்தாடி இலையில் அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவிக் குமிழியாவது. அது வேறு சமாசாரம். இந்தத் தகட்டின் வேலை, மேலேயிருக்கிற காற்று கீழே காத்தாடிக்கு இறங்காமல் தடுப்பது. வேலை ஒன்று, பேர் இன்னொன்று. நம்ம ஆபீஸ்களில் இல்லாததா?

மோட்டாரின் கால் நீளம் என்பது கொக்கியின் உட்பக்கத்திலிருந்து இந்தத் தகடு வரைக்கும் உள்ள தூரம். காத்தாடியின் நுனி வரைக்கும் இல்லை, அடித்துடுப்பு வரைக்கும் இல்லை, தகடு வரைக்கும்தான். குட்டைக்கால் ஏறக்குறைய 15 அங்குலம், நெட்டைக்கால் 20, அதிநெட்டை 25. பெரிய மோட்டார்களில் 30 அங்குலக்காரரும் உண்டு. மாடல் பெயரின் வாலில் எஸ், எல், எக்ஸ் என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். எஸ் என்றால் ஷார்ட், எல் என்றால் லாங், எக்ஸ் என்றால் எக்ஸ்ட்ரா லாங். கம்பெனிக்குக் கம்பெனி ஓர் அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம்.

ஏன் இத்தனை கால்கள்? அதற்கு ஓர் ஐஸ்கிரீம் கதை இருக்கிறது.

* * *

ஓலே எவின்ரூட் என்று ஒருத்தர். 1877-ல் நார்வேயில் பிறந்து, சின்ன வயசிலேயே அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு வந்து சேர்ந்தவர். ஏரிக்கரைப் பிக்னிக்கில், பிற்பாடு மனைவியான பெஸ் என்ற பெண் ஐஸ்கிரீம் கேட்டாராம். இவர் துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அது பாயசமாகிவிட்டதாம். 'இனி துடுப்பு வேண்டாம்' என்று மோட்டார் செய்ய உட்கார்ந்தாராம். கொஞ்சம் காது மூக்கு வைத்த கதையாக இருக்கலாம். ஆனால் 1909-ல் அவர் கம்பெனி ஆரம்பித்தது நிஜம். அவர் பேரில் மோட்டார்கள் 2020 வரைக்கும் தயாராகிக்கொண்டிருந்ததும் நிஜம். படகுக்கு வெளியே மோட்டார் மாட்டிப் பார்த்தவர்கள் அவருக்கு முன்னாலும் இருந்தார்கள். அதை ஊருக்கெல்லாம் விற்றுக் காட்டியவர் இவர்.

இந்த மோட்டாரின் பெருமையே, கழற்றி எந்தப் படகிலும் மாட்டலாம் என்பதுதான். தலைவலியும் அங்கேயே ஆரம்பம். எந்தப் படகிலும் மாட்டலாம் என்றால், எந்தப் படகின் முதுகும் ஒரே உயரமா? ஏரியில் மீன் பிடிக்கிற சின்னப் படகுக்குப் பின்பலகை குட்டை. கடலுக்குப் போகிற படகுக்கு உயரம். காரணம், பின்னாலிருந்து வருகிற அலை உள்ளே ஏறக்கூடாது. ஆகவே கால் நீளம் மோட்டாரின் ஜாதகத்தில் இல்லை. உங்கள் படகின் முதுகில் இருக்கிறது.

* * *

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட்டுக்கு மேல் எந்த இன்ஜினும் என் சிலபஸில் இல்லை. உபயம், கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச் நண்பன். மன்னார் வளைகுடாப் பக்கம் அவனுக்கு ஊர். நான் டிகிரியை வைத்துக்கொண்டு பத்திரிகை ஆபீஸ் படி ஏறினேன். அவன் டிகிரியைப் பரணில் போட்டுவிட்டு அப்பாவின் படகில் ஏறினான். இரண்டு பேரில் யார் புத்திசாலி என்று மாதக் கடைசியில் கேளுங்கள், சொல்கிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கடற்கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின. அவனுடையதும் அப்படி ஒன்று, 22 அடி. பின்பலகையில் மோட்டாருக்காக ஒரு வெட்டு இருந்தது. பல் விழுந்த வாய் மாதிரி. அதில் குட்டைக்கால் மோட்டார். கடல் கொஞ்சம் எழும்பினால் அந்த வெட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இவன் ஒரு கையால் ஸ்டீயரிங் பிடிப்பான், ஒரு கையால் தண்ணீர் இறைப்பான்.

அலுத்துப்போய் ஒரு நாள் வெட்டை ஃபைபர் போட்டு அடைத்துவிட்டான். பின்பலகை முழு உயரத்துக்கு வந்தது. மோட்டாரை எங்கே மாட்டுவது? பலகைக்கு வெளியே, இரண்டடி பின்தள்ளி, ஸ்டீல் பிராக்கெட் ஒன்று வெல்டிங் பண்ணி போல்ட் போட்டாயிற்று. படகுக்குள் வலை போட இடம் கூடியது. தண்ணீர் வருவதும் நின்றது. சரியான யோசனை.

பழைய மோட்டார் அதற்குள் இருமிக்கொண்டிருந்தது. புதுசு நாற்பது குதிரையில் வாங்கத் தீர்மானம். பணம்? அவன் மனைவியின் கழுத்திலும் கையிலும் இருந்தது பாங்க் லாக்கருக்குப் போயிற்று. நகைக் கடன்.

நான் போய்ச் சேர்ந்தது ஆடி மாசம். கடைக்காரர் (எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்கக்கூடாது) ஆடித் தள்ளுபடி அறிவித்திருந்தார். புடவைக்குத் தள்ளுபடி பார்த்திருக்கிறேன், மோட்டாருக்கு அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணே, குட்டைக்கால் ரெடியா இருக்கு. ஆறாயிரம் ரூபா தள்ளுபடி. இன்னைக்கே ஏத்திக்கலாம். நெட்டைக்கால் வேணும்னா மூணு வாரம் ஆகும், தள்ளுபடி கிடையாது. உங்க பழைய மோட்டாரும் குட்டைக்கால்தானே?"

"ஆமா, பழசும் குட்டைதான்" என்றான் நண்பன். கை பேனாவைத் தேடியது.

கூட வந்திருந்த அவன் மனைவி அதுவரை பேசவில்லை. ஊரில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவர். மெதுவாகக் கேட்டார்.

"ஏங்க, எங்கிட்ட தைக்க வர்றவங்க அளவுக்குன்னு பழைய ஜாக்கெட்டைக் குடுப்பாங்க. உடம்பு ஒரு சுத்து ஏறியிருக்கும். ஆனா குடுக்கறது மூணு வருஷத்துக்கு முந்தின ஜாக்கெட்டு. தைச்சுக் குடுத்தா, 'பத்தலை'ன்னு என்னைத் திட்டுவாங்க. நீங்க சொல்றதும் அப்படித்தானே இருக்கு? போட்டோட உடம்பையே மாத்திட்டீங்க. அளவு மட்டும் பழசா?"

கடையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

* * *

பேனா பைக்குள் போனது. மெக்கானிக் அண்ணாச்சியைத் தேடிக் கடற்கரைக்குப் போனோம். அறுபதைத் தாண்டியவர். காதில் பீடி, கையில் ஸ்பேனர்.

"டேப் இருக்கா?" என்றார். தங்கச்சி இடுப்பிலிருந்து தையல் டேப்பை எடுத்துக் கொடுத்தார்.

அண்ணாச்சி ஒரு நேரான சட்டத்தை எடுத்துப் படகின் அடிவயிற்றில், நடுவாக ஒட்டிப் பிடித்து, பின்பக்கம் பிராக்கெட்டுக்குக் கீழே வரை நீட்டினார். பிறகு பிராக்கெட்டில் மோட்டார் உட்காரும் விளிம்பிலிருந்து அந்தச் சட்டம் வரைக்கும் நேர் செங்குத்தாக டேப்பை இறக்கினார்.

"எவ்வளவு தாயி?"

"22 இஞ்ச்."

"பிராக்கெட்டு எவ்வளவு பின்னால போயிருக்கு?"

"ரெண்டு அடி."

"அப்ப ரெண்டு இஞ்சைக் கழி. 20. நெட்டைக்கால்தான். குட்டைக்கால் போட்டா இது ஓடாது தம்பி, கத்தும்."

கழித்தலில் எனக்கு எப்போதும் ஆர்வம் உண்டு. "எதுக்கு அண்ணாச்சி ரெண்டு இஞ்ச் கழிக்கணும்?" என்றேன்.

ஈர மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். படகு வேகமெடுத்து ஓடும்போது பின்பலகைக்கு நேர் பின்னால் தண்ணீரில் ஒரு பள்ளம் விழுகிறது. அதைவிட்டுத் தள்ளிப் போகப் போகத் தண்ணீர் மறுபடி எழும்பி வருகிறது. பின்பலகையிலேயே மாட்டினால் மோட்டாரின் தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாக, இல்லாவிட்டால் ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். பிராக்கெட்டில் தள்ளி மாட்டினால் மோட்டார் இருக்கிற இடத்தில் தண்ணீரே கொஞ்சம் உயரம். அதனால் தகடும் கொஞ்சம் மேலே இருக்கலாம். ஓரடி பின்தள்ளினால் ஓர் அங்குலம் உயர்த்தலாம். இது தோராயக் கணக்குதான். படகுக்குப் படகு கொஞ்சம் மாறும். ஆனால் ஆரம்பிக்க இது போதும்.

குட்டைக்கால் போட்டிருந்தால்? தகடு, பிராக்கெட் விளிம்பிலிருந்து 15 அங்குலத்திலேயே நின்றுவிடும். இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே ஐந்து அங்குலம். காத்தாடியின் மேல் பாதிக்குத் தண்ணீர் இல்லை, காற்றுதான். தண்ணீரைப் பிடிக்காத காத்தாடிக்குப் பாரமில்லை. மோட்டார் பேய் மாதிரி அலறும், படகு நகராது. மோட்டாரைக் குளிர்விக்கிற தண்ணீரும் காலில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் மேலே போகிறது. அந்த ஓட்டை காற்றை உறிஞ்சினால், உள்ளே இருக்கும் ரப்பர் பம்ப் காய்ந்து தேய்ந்து, மோட்டார் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். நகை லாக்கரில், மோட்டார் பட்டறையில், படகு மணலில்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? துறைமுகத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் குட்டைக்கால் மோட்டாரும் ஜம்மென்று ஓடும்! படகு நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் பின்பக்கம் தாழ்ந்துதான் இருக்கும். காத்தாடி ஆழமாக முங்கியிருக்கும். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஸ்வீட் கொடுத்து எல்லோரும் கைதட்டிவிட்டுப் போவார்கள். வெளியே போய் வேகமெடுத்து, அணியம் முதல் அலையில் இறங்கிப் பின்பக்கம் தூக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கல்யாண மண்டபத்தில் எல்லா மாப்பிள்ளையும் நல்ல மாப்பிள்ளைதான்.

* * *

விஷயம் தெரிந்ததும் கடைக்காரர் போன் பண்ணினார். சாமர்த்தியசாலி. "அதுக்கென்ன அண்ணே, பிராக்கெட்டை அஞ்சு இஞ்ச் இறக்கி வெல்டிங் பண்ணிட்டாப் போச்சு. ஆயிரம் ரூபா செலவு. தள்ளுபடியில அஞ்சாயிரம் மிச்சம்."

கணக்குப்படி சரிதான். பி.காம். பேப்பரில் எழுதினால் முழு மார்க். நண்பன் என்னைப் பார்த்தான், நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, நீங்க பின்பலகையை எதுக்கு அடைச்சீங்க?"

"அலை உள்ள வருதுன்னு."

"அப்ப மோட்டாரை மட்டும் அலைக்குள்ள எறக்கினா? வேகமா வந்துக்கிட்டிருக்கீங்க. வலை தெரியுது, சட்டுன்னு மோட்டாரைக் கொறைக்கிறீங்க. நீங்க கிளப்பின அலையே பின்னாலருந்து வந்து ஏறும். உங்களைப் பலகை காப்பாத்தும். வெளிய தனியா நிக்கிற மோட்டாரை யாரு காப்பாத்துவா? அது தண்ணி குடிச்சு நின்னுட்டா, அப்பறம் நீங்கதான் துடுப்பு."

போதும். விஷயம் விளங்கிவிட்டது. மோட்டாரின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது பாதுகாப்பு. பாதம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது ஓட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் கால். தலையைத் தாழ்த்தி, குட்டைக் காலைச் சரிக்கட்டினால் ஓட்டம் கிடைக்கும், பாதுகாப்பு போகும்.

'அப்படியானால் 25 அங்குல அதிநெட்டையாக வாங்கிவிட்டால் கவலையில்லையே?' என்று சிலர் கேட்கலாம். பிள்ளைக்கு யூனிஃபார்ம் வாங்கும்போது 'வளர்ற பையன்' என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குகிற பழக்கம். படகு வளராது ஸார். தேவைக்கு மேல் தண்ணீருக்குள் நீண்ட கால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இழுக்கும், வேகம் குறையும், எண்ணெய் குடிக்கும், ஸ்டீயரிங் கனக்கும். மணல் கரையில் படகை ஏற்றும்போது முதலில் தரையைத் தொடுவதும் அதுவே.

மூன்று வாரம் காத்திருந்தான். அந்த மூன்று வாரமும் அடுத்தவர் படகில் பங்குக்குப் போனான். நகைக் கடன் வட்டி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாயிரம் தள்ளுபடி போனது போனதுதான். "கழுத்துல இல்லாததைப் பத்தி இப்ப என்ன? கடல்ல நிக்காம வந்தாச் சரி" என்றார் தங்கச்சி. அதற்கு மேல் எந்த ஆடிட்டரும் ஒன்றும் சொல்ல முடியாது.

நெட்டைக்கால் வந்து மாட்டிய அன்று அண்ணாச்சி ஒரு வேலை செய்தார். மோட்டாரை போல்ட் போடும் ஓட்டைகள் முக்கால் அங்குல இடைவெளியில் இருக்கும். கீழ் மட்டத்தில் ஆரம்பித்தார். கடலில் ஓட்டிப் பார்த்து ஓர் ஓட்டை உயர்த்தினார். மறுபடி ஓட்டி இன்னோர் ஓட்டை. மூன்றாவது முறை, வளைவில் திரும்பும்போது மோட்டார் லேசாக அலறியது. "ஆச்சு" என்று ஓர் ஓட்டை கீழே இறக்கிப் போல்ட்டை முறுக்கினார். ஓடும்போது திரும்பிப் பார்த்தோம். தகடு தண்ணீர் மட்டத்தை உரசிக்கொண்டு வந்தது. மோட்டாரின் பக்கவாட்டிலிருந்து குளிர்விக்கும் தண்ணீர் விடாமல் துப்பிக்கொண்டிருந்தது. அந்தத் துப்பல் நின்றால் மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும். துப்பினால்தான் மரியாதை என்று இருக்கிற ஒரே ஆசாமி இவர்தான்.

* * *

வாங்கப் போகிறவர்களுக்காகச் சுருக்கமாக:

1. பழைய மோட்டாரை அளக்காதீர்கள். இப்போதிருக்கிற படகை அளங்கள்.

2. பிராக்கெட் இருந்தால் பின்பலகையை அளந்து பிரயோஜனமில்லை. பிராக்கெட்டில் மோட்டார் உட்காரும் விளிம்பிலிருந்து, படகின் அடிமட்டக் கோடு வரை செங்குத்தாக அளங்கள். பின்தள்ளிய ஒவ்வோர் அடிக்கும் ஓர் அங்குலம் கழியுங்கள்.

3. இந்தக் கழித்தல் வேகமாகப் பாய்கிற படகுக்குத்தான். மெதுவாகப் போகும் படகு, பாய்மரப் படகு இவற்றுக்குக் கழிக்காதீர்கள். அங்கே அணியம் குதிக்கும்போது காத்தாடி வெளியே வராமல் இருப்பதுதான் முக்கியம். கால் நீளமாக இருப்பதே நல்லது.

4. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், பிராக்கெட்டைச் செய்யும் முன்பே உயரத்தைத் தீர்மானியுங்கள். இரும்பை வெட்டலாம். மோட்டாரின் காலைப் பேன்ட் மாதிரி மடித்துத் தைக்க முடியாது.

5. நாற்பது குதிரை மோட்டார் நல்ல கனம். அதை இரண்டடி பின்னால் தொங்கவிட்டால் படகின் பின்பக்கம் தாழும். எண்ணெய் டாங்க்கையும் ஐஸ் பெட்டியையும் முன்னால் தள்ளுங்கள். பின்பலகை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று போல்ட் போடும் முன் பாருங்கள்.

6. துறைமுகத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதில் படகு இல்லாதவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. வீடு மாற்றியிருப்போம், பழைய கர்ட்டன் அளவில் துணி வாங்குவோம். சம்பளம் மாறியிருக்கும், பழைய பட்ஜெட்டில் கடன் வாங்குவோம். பிள்ளைக்குப் பிடித்தது மாறியிருக்கும், அண்ணன் படித்த கோர்ஸையே அளவு ஜாக்கெட்டாகக் கொடுத்து அட்மிஷன் வாங்குவோம். அப்புறம் 'பத்தலை' என்று தைத்தவரைத் திட்டுவோம்.

ஆகவே, அடுத்த தடவை யாராவது 'எத்தனை குதிரை?' என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டு, ஓர் அங்குல டேப்பையும் கையில் கொடுங்கள். குதிரை பந்தயத்தில் ஜெயிக்கும். கரைக்குக் கொண்டு சேர்ப்பது கால்தான்!